கலயத்து நுரையும் புழுங்கலரிசிச் சத்தும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பஸ் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை எல்லாம் தாண்டிப் பாறசாலையை நெருங்கும்போது, அதுவரை தூங்கி வழிந்த நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்து இஞ்சிவிளை. அதைத் தாண்டினால் களியக்காவிளை. ஊர் வந்துவிட்டது போல ஒரு நினைப்பு. ரயிலில் வருகிறவர்களுக்குப் பாறசாலைதான் கேரளத்தின் கடைசி ஸ்டேஷன்.

1956 நவம்பர் 1-ந் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. மனிதர்கள் போட்ட கோடு அது. இரு பக்கமும் நிற்கிற பனைமரத்துக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் அந்த மரத்திலிருந்து இறங்கும் சாற்றுக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். இங்கே லைசென்ஸ் எடுத்த ஷாப்பில் கள் விற்கலாம். அங்கே 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீருக்கு மட்டுமே இடம்.

அக்கானி, பதநீர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் பாளையிலிருந்து சொட்டும்போது அது ஒன்றுதான். கலயத்துக்குள் விழுந்த பிறகுதான் அது கருப்பட்டிக்குப் போகிறதா, கள்ளாகிறதா என்பது முடிவாகிறது. அந்த முடிவை எடுப்பது யார்?

பாறசாலைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வயதான பனையேறி ஒருவரிடம் இதைக் கேட்டேன். "சுண்ணாம்பாக்கும் எல்லாம், மக்களே. உள்ளே தேய்க்காம கலயம் கெட்டினா, வெயில் ஏறுகதுக்கு முன்ன நுரைச்சுப் பொங்கீரும். பிறகு அதைக் காய்ச்சிப் பிரயோசனம் இல்லை, கருப்பட்டி கூடாது" என்றார். "அந்த நுரை எங்கே இருந்து வருது, பாட்டா?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். படித்தவன் கேட்கிற கேள்வியா என்பது போல.

கேட்க வேண்டிய கேள்விதான். அந்த நுரைக்கு விடை காண ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்கு நூறு ஆண்டுகள் பிடித்தன. விடையின் நடுவில் இருப்பதோ, நாம் தினமும் புழுங்கலரிசிச் சோற்றில் சாப்பிடுகிற ஒரு வைட்டமின்.

கூலி குறைவு, வேலை அதிகம்

பனஞ்சாற்றில் நூறு பங்குக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. பாளையிலும் காற்றிலும் பழைய கலயத்தின் சுவரிலும் நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று ஈஸ்ட், ரொட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்தது. மற்றொன்று சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியா. பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் பல நாடுகளின் பனங்கள்ளிலும் இதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். 1920-களில் ஜெர்மானியரான பால் லிண்ட்னர் மெக்சிகோ நாட்டுக் கள்ளான புல்கேயிலிருந்து இதைப் பிரித்தார். அது கற்றாழை இனத்துச் செடியின் சாறு. அங்கே கற்றாழை, இங்கே பனை, பேர்வழி ஒன்றே.

ஈஸ்ட் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைச் சாராயமாக மாற்றினால் அதற்கு இரண்டு பங்கு சக்தி கிடைக்கும். சைமோமோனாஸ் வேறு வழியில் போகிறது. அதற்குக் கிடைப்பது ஒரே பங்கு. ஆகவே உயிர் வாழ அது மேலும் மேலும் சர்க்கரையை விழுங்கிச் சாராயமாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கூலி குறைந்தவன் ஓவர்டைம் பார்ப்பது போலத்தான்.

வழி வேறானாலும் கடைசி இரண்டு படிகள் இரண்டுக்கும் பொது. சர்க்கரை உடைந்து பைருவேட் என்ற மூன்று கார்பன் பொருள் உண்டாகிறது. அதிலிருந்து ஒரு நொதி கார்பன்-டை-ஆக்சைடைக் கழற்றி விடுகிறது. மிஞ்சுவது அசிட்டால்டிஹைடு. அதை மற்றொரு நொதி சாராயமாக்குகிறது.

கழன்று போகும் அந்தக் கார்பன்-டை-ஆக்சைடுதான் கலயத்தில் பொங்கும் நுரை. கழற்றுகிற நொதியின் பெயர் பைருவேட் டிகார்பாக்சிலேஸ். பெயர் நீளம்; இனி 'கழற்றும் நொதி' என்றே சொல்வோம்.

காரத்தில் கழுவிய ஈஸ்ட்

செத்துப்போன ஈஸ்ட்டைப் பிழிந்தெடுத்த சாறும் சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று 1897-ல் எட்வர்ட் புக்னர் காட்டினார். உயிரே வேண்டாம், அதிலுள்ள பொருளே போதும் என்பது அன்று பெரிய அதிர்ச்சி. 1911-ல் கார்ல் நியூபெர்க் இந்தக் கழற்றும் நொதியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு 1932-ல் அவுஹாகன் என்ற ஜெர்மானியர் செய்ததுதான் நம் கதைக்கு வேண்டியது. அவர் உலர்ந்த ஈஸ்ட்டைக் காரக் கரைசலில் கழுவினார். நொதியின் வேலை நின்றுபோயிற்று. கழுவி எடுத்ததில் இருந்த ஏதோ ஒரு சிறு பொருளைத் திரும்பச் சேர்த்ததும் வேலை தொடங்கிற்று!

ஆக, நொதி தனியாக வேலை செய்வதில்லை. அதற்குக் கையாள் ஒன்று வேண்டும். துணைநொதி என்று அதற்குப் பெயர். கையில் சுத்தியல் இல்லாத கொல்லனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுத்தியல் எது? இங்கே கதை ஜாவாத் தீவுக்குப் போக வேண்டும். 1890-களில் அங்கிருந்த டச்சு டாக்டர் ஐக்மான், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு போகாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோயும் இதே வகை. தவிட்டிலிருந்த அந்தச் சத்து 1926-ல் தனியே பிரிக்கப்பட்டது. தயமின், அதாவது வைட்டமின் பி-1.

1929-ம் ஆண்டு நோபல் பரிசுப் பட்டியலைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வைட்டமின் ஆராய்ச்சிக்காக ஐக்மானுக்கு மருத்துவப் பரிசில் பங்கு. அதே ஆண்டு, சர்க்கரை நொதிப்பதை ஆராய்ந்த ஆர்தர் ஹார்டனுக்கும் ஆய்லர் செல்பினுக்கும் வேதியியல் பரிசு. ஒருவர் கோழிக்கூட்டிலிருந்து வந்தார், மற்றவர்கள் ஈஸ்ட் ஜாடியிலிருந்து வந்தார்கள். இரண்டு பாதையும் சேரும் இடம் ஒன்று உண்டு என்று அன்று யாருக்கும் தெரியாது. 1937-ல் லோமானும் ஷுஸ்டரும் ஈஸ்ட்டிலிருந்து அந்தக் கையாளைத் தூய்மையாகப் பிரித்தார்கள். பார்த்தால், அது இரண்டு பாஸ்பேட் வால் முளைத்த தயமின்!

நம் ஊர்ச் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளையர் காலத்தில் சென்னை மாகாணத்தின் வடகோடித் தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பச்சரிசி உண்டவர்களைப் பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழர்களும் மலையாளிகளும் பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. குன்னூரில் இருந்த சத்துணவு ஆராய்ச்சிக்கூடத்தில் மக்காரிசன், அவருக்குப் பின் அய்க்ராய்டு ஆகியோர் அரிசியிலுள்ள சத்தை ஆராய்ந்தார்கள். நம் பாட்டிகள் விஞ்ஞானம் படித்து நெல் அவிக்கவில்லை. ஆனாலும் காரியம் நடந்தது.

கற்கண்டு கட்டுவது போல

துணைநொதி எது என்று தெரிந்தாயிற்று. அதை நொதி எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதைக் கண்ணால் காண வேண்டுமே! எந்த மைக்ராஸ்கோப்பிலும் அன்று அது தெரியாது. அதற்குப் படிகம் வேண்டும்.

பனங்கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பதமாகக் காய்ச்சிய பாகைப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவிட வேண்டும். சர்க்கரை மூலக்கூறுகள் சீராக அடுக்கிக்கொண்டு கட்டி வளரும். நொதியையும் இப்படித்தான் கட்ட வைக்கிறார்கள். பானைக்குப் பதில் ஒரே ஒரு சொட்டு; கிடைக்கும் கற்கண்டோ மணல் துகள் அளவு. அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் கதிர்கள் சிதறிப் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் கணக்கிட்டு, ஒவ்வோர் அணுவும் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த வித்தையில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். சேர்த்தலையில் பிறந்த கோபிநாத் கர்த்தா அவரோடு சேர்ந்தார். 1954-ல் இருவரும் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று புரிக் கயிறு போல முறுக்கியிருப்பதாக எழுதினார்கள். பின்னர் அமெரிக்கா சென்ற கர்த்தா, 1967-ல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவர். ராமச்சந்திரனோ 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ஒரு வரைபடம் போட்டார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் மடங்க முடியாது என்று காட்டும் படம். உலகில் எந்த நாட்டில் எந்தப் புரதத்தின் வடிவத்தை யார் கண்டாலும், இன்றைக்கும் ராமச்சந்திரன் படத்தில் வைத்துச் சரிபார்ப்பதே வழக்கம். கேரளத்தில் பிறந்த தமிழரும் மலையாளியும் சென்னையில் ஒன்றாக வேலை செய்த அந்த இடத்தில் எல்லைக்கல் ஏதும் இல்லை.

ஈஸ்ட்டின் கழற்றும் நொதி 1990-களில் அமெரிக்காவில் படிகமாயிற்று. 1996-ல் வெளியான கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அர்ஜுனன், சுவாமிநாதன் என்ற பெயர்கள் உள்ளன. நம் கள்ளுக்கலயப் பாக்டீரியாவான சைமோமோனாஸின் நொதியை 1998-ல் டோப்ரிட்ஷ், கோனிக், ஷ்னைடர், லூ என்ற நால்வர் 1.9 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் படம் பிடித்தனர். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லி மீட்டரில் கோடியில் ஒரு பங்கு!

இரட்டைச் சாவி லாக்கர்

அவர்கள் கண்டது இதுதான். 568 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி ஒன்று. அப்படி நான்கு சங்கிலிகள் சேர்ந்தது ஒரு நொதி. தயமின் ஒரு சங்கிலியின் நடுவில் உட்காரவில்லை. இரண்டு சங்கிலிகள் முகத்தோடு முகம் சேருகிற இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலைப்பக்கத்தை ஒரு சங்கிலி பிடிக்கிறது; பாஸ்பேட் வாலை மற்றது பிடிக்கிறது. பாங்க் லாக்கரில் வாடிக்கையாளர் சாவியும் மானேஜர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும் அல்லவா, அது போல. ஒற்றைச் சங்கிலியால் ஒன்றும் ஆகாது. வாலை ஆட விடாமல் ஒரு மக்னீசிய அயனி வேறு நங்கூரம் போட்டிருக்கிறது.

தயமினில் இரண்டு வளையங்கள் உண்டு. நொதி அவற்றை ஆங்கில 'வி' எழுத்தைப் போல மடித்து வைத்திருக்கிறது. அப்படி மடிப்பதில்தான் சூட்சுமம். ஒரு வளையத்தில் ஒட்டியுள்ள நைட்ரஜன், எதிர் வளையத்தின் ஒரு குறிப்பிட்ட கார்பனை நெருங்குகிறது. அதிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க முடிகிறது. ஹைட்ரஜன் இழந்த கார்பன் பைருவேட்டைக் கவ்விக்கொள்கிறது. கவ்வியதும் பைருவேட்டின் ஒரு முனை கார்பன்-டை-ஆக்சைடாகக் கழன்று நுரையாகிறது. எந்தக் கார்பன் கவ்வும் என்பதை 1958-ல் அமெரிக்க வேதியியலாளர் ரொனால்டு பிரெஸ்லோ படிகம் எதுவும் இல்லாமலே சொல்லிவிட்டார். நாற்பது ஆண்டு கழித்து வந்த படம் அவருக்குச் சாட்சி சொன்னது.

இன்னொரு வித்தியாசமும் தெரிந்தது. ஈஸ்ட்டின் நொதி கொஞ்சம் சோம்பேறி. பைருவேட் முதலில் வந்து தட்டி எழுப்பினால்தான் அது முழு வேகத்தில் வேலை செய்யும். சைமோமோனாஸின் நொதிக்கு அந்த எழுப்புதல் தேவையில்லை. அதன் நான்கு சங்கிலிகளும் ஒன்றோடொன்று நெருக்கமாக, அசைய இடமின்றிப் பொருந்தியிருக்கின்றன. எப்போதும் ஆயத்த நிலை. ஒரு பங்கு கூலிக்கு ஓவர்டைம் பார்க்கிற ஆள் தூங்கிக்கொண்டிருக்க முடியுமா?

கடைசிப் படியில் அசிட்டால்டிஹைடைச் சாராயமாக்கும் நொதிக்கும் ஒரு துணைநொதி உண்டு. அதுவும் வைட்டமின் பி குடும்பத்தைச் சேர்ந்த நியாசினிலிருந்து வருவதே. சைமோமோனாஸில் அந்த வேலைக்கு இரண்டு நொதிகள்; ஒன்று துத்தநாகத்தையும் மற்றது இரும்பையும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. அதை இங்கே விரித்தால் இந்தப் பக்கம் போதாது.

இனி பாட்டாவின் சுண்ணாம்புக்கு வருவோம். அவுஹாகன் காரத்தில் கழுவியபோது தயமினும் மக்னீசியமும் நொதியின் பிடியிலிருந்து கழன்றன. சுண்ணாம்பும் காரம்தான். அப்படியானால் கலயத்திலும் அதுவேதான் நடக்கிறதா? அவசரப்படக் கூடாது. அவுஹாகன் கழுவியது உலர்ந்து செத்த ஈஸ்ட். கலயத்திலோ நொதி உயிரணுவின் சுவருக்குள் பத்திரமாக இருக்கிறது. சுண்ணாம்பு முதலில் செய்வது அந்த உயிரணுவையே பெருக விடாமல் தடுப்பது. சைமோமோனாஸ் புளிப்பைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. அந்த நொதியும் லேசான புளிப்பில்தான் நன்றாக வேலை செய்யும். அணுவின் வெளியே, உள்ளே எங்கு பார்த்தாலும் காரம் கள்ளுக்குப் பகை என்ற மட்டும் சரி. சுண்ணாம்பைக் குறைத்தால் நுரைக்கும். கூட்டினால் அக்கானி கரிக்கும், கருப்பட்டியின் ருசி கெடும். அந்த அளவைப் பாட்டா விரல் நுனியில் வைத்திருக்கிறார்.

குடிப்பவன் இழப்பது

கள்ளானாலும் சாராயமானாலும் தயமின் இல்லாமல் உண்டாவதில்லை. ஆனால் தினம் அளவின்றிக் குடிக்கிறவன் உடம்பில் முதலில் குறைவது அந்தத் தயமின்தான். சாராயம், குடல் தயமினை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. போதாததற்குக் குடிக்கிறவன் சாப்பிடுவதில்லை. நம் உடம்பில் இருப்பில் உள்ள தயமின் சுமார் 30 மில்லிகிராம். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கை வறண்டுவிடும்.

நம் உடம்பில் அந்தக் கழற்றும் நொதி கிடையாது. ஆனால் பைருவேட்டிலிருந்து சக்தி எடுக்கிற வேறொரு நொதி இருக்கிறது. அதற்கும் கையாள் இதே தயமின்தான். அதே 'வி' மடிப்புத்தான். கையாள் வராவிட்டால் பைருவேட் தேங்குகிறது. சர்க்கரையை நம்பியே பிழைக்கும் மூளை முதலில் தடுமாறுகிறது. நடை தள்ளாடும், கண் அசைவு பிசகும், புத்தி மாறாட்டம் காணும். 1881-ல் கார்ல் வெர்னிக்கே எழுதிய மூன்று நோயாளிகளில் இருவர் குடிகாரர்கள். கவனிக்காமல் விட்டால் பழைய ஞாபகம் இருந்து புது ஞாபகம் பதியாத நிலை வரும். அது பெரும்பாலும் திரும்பாது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. தள்ளாடி விழுந்தவனைப் பார்த்தால் குடிவெறி என்றே வீட்டார் நினைப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும், மானம் கருதிக் குடிப்பழக்கத்தை மறைத்துவிடுவார்கள். சோர்வுக்கென்று குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்சத் தயமினும் அந்தக் குளுக்கோசைச் செரிக்கச் செலவாகி நிலைமை மோசமாகலாம். முதலில், அல்லது கூடவே, பி-1 ஊசி போட வேண்டும் என்பது டாக்டர்கள் அறிந்த விதி. ஆனால் அவருக்கு விவரம் தெரிந்தால்தானே! கூடப்போகிறவர் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்: இவர் இத்தனை வருஷமாகக் குடிக்கிறார், இத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று.

இதை விவரமாக எழுதக் காரணம், வேலைக்காக இங்கே வந்து லாட்ஜிலும் லைன் வீட்டிலும் தனியே தங்கியிருப்பவர்கள். காலையில் கட்டஞ்சாயா, மதியம் பரோட்டா, இரவு ஷாப்பில் பாதி வயிறு என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. அளவுக்கு மீறிய தேயிலையும் பாக்கும்கூடத் தயமினைக் கெடுக்கும். நாள் ஒன்றுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் தேவை. புழுங்கலரிசிச் சோறு, பயறு, கடலை, உளுந்து இவற்றில் கிடைத்துவிடும்.

பாக்டீரியாவைப் பற்றிய ஆராய்ச்சி இப்போது வேறு திசையிலும் போகிறது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பி. குணசேகரன் பல ஆண்டுகள் சைமோமோனாஸைக் கொண்டு சாராயம் உண்டாக்குவதை ஆராய்ந்தார். குடிப்பதற்கல்ல, எரிப்பதற்கு. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2025-ல் நாட்டில் நூற்றுக்கு 20 என்ற அளவைத் தொட்டது. அதில் பெரும்பகுதி இன்னும் ஈஸ்ட்டின் உழைப்புத்தான். நாம் பஸ்ஸில் கடந்து வந்த பாப்பனங்கோட்டில், 2007 முதல் நிஸ்ட் என்று அழைக்கப்படும் மத்திய ஆராய்ச்சிக்கூடத்திலும் நொதிகள், நொதித்தல் பற்றிய வேலை நடக்கிறது.

எல்லைக் கிராமங்களில் பனை முன்போல் இல்லை. செங்கல் சூளைக்குப் போனது பாதி. ரப்பருக்கு வழிவிட்டது பாதி. பையன்கள் ஏற மாட்டேன் என்கிறார்கள். மரத்திலிருந்து விழுந்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நான் கிளம்பும்போது பாட்டா மறுநாளைக்கான கலயங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். அவருடைய மனைவி அடுப்பில் பானியைக் கிண்டிக்கொண்டிருந்தார். சிரட்டைகள் வரிசையாகக் காத்திருந்தன. "நுரை எங்க இருந்து வருதுன்னு கேட்டியே, கண்டு பிடிச்சாச்சா?" என்றார் பாட்டா. சுருக்கமாகச் சொன்னேன். தவிட்டுச் சத்து என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப சுண்ணாம்பு வேணும்தானே?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கலயத்தை எடுத்தார்.